இன்ஸ்டாலரே பிரிண்டரைக் கண்டுபிடிக்கட்டும், ஆனால் கியூவை அங்கே உருவாக்க வேண்டாம்

கேள்வி: ஒரு கணினிப் பயிற்சி மையத்துக்காக டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து நிறுவல் பென்டிரைவ் ஒன்று தயாரிக்கிறேன். சில கணினிகளில் ஹெச்பி லேசர்ஜெட் 1020, சிலவற்றில் கேனன் எல்பிபி 2900, அலுவலக அறையில் வைஃபை உள்ள புது மல்டிஃபங்ஷன் ஒன்று, ரசீது அடிக்க ஒரு பழைய டாட் மேட்ரிக்ஸ். இன்ஸ்டாலர் ஓடும்போதே இணைத்திருக்கும் பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடித்து அமைத்துவிட முடியாதா? மான்ட்ரேக் லினக்ஸ் அந்தக் காலத்திலேயே இதைச் செய்தது என்கிறார்களே, டெபியன் ஏன் செய்வதில்லை?

பதில்:

மான்ட்ரேக் செய்தது உண்மைதான். அதன் இன்ஸ்டாலரில் கடைசியாக வரும் சுருக்கத் திரையில் மவுஸ், சவுண்ட் கார்டு, நேர மண்டலம் ஆகியவற்றோடு பிரிண்டருக்கும் ஒரு வரி இருக்கும். அதைச் சொடுக்கினால் பிரிண்டர்டிரேக் என்ற கருவி வந்து போர்ட்டுகளைத் தேடிப் பார்த்து, கிடைத்ததற்கு டிரைவர் பொருத்தி, அங்கேயே கியூவையும் (அந்தப் பிரிண்டருக்கான அச்சு வேலைகள் கணினியில் வரிசையில் நிற்கும் இடம்) உருவாக்கிக் கொடுக்கும். அதை வளர்த்தெடுத்தவர் டில் காம்பீட்டர், லினக்ஸில் அச்சிடுவதைக் கவனிக்கும் ஓபன்பிரிண்டிங் திட்டத்தை நடத்துபவர். 2000ஆம் ஆண்டில் மான்ட்ரேக்சாஃப்ட்டில் சேர்ந்து, அச்சிடும் விஷயத்தில் லினக்ஸ் எவ்வளவு பின்தங்கியிருந்ததோ அதை ஏறக்குறைய ஒற்றை ஆளாக இழுத்துப் பிடித்தவர். ஆனால் அன்றைய நிலைமை வேறு. ஒரு சாதனத்தைச் செருகினால் அமைப்பு தானாக விழித்துக்கொள்ளும் வசதி எதுவும் ஒழுங்காக இல்லாத காலம் அது, அதனால் எல்லா வன்பொருளையும் நிறுவும் அன்றே ஒரே மூச்சில் தேடி எழுதி வைப்பதைத் தவிர வழியில்லை. அந்தக் கட்டாயம் இன்று போய்விட்டது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டாலர் பிரிண்டரைத் தேடுவது நல்ல யோசனைதான், ஆனால் எந்தப் பேக்கேஜ்களை நிறுவுவது என்று முடிவெடுக்க மட்டும். கியூ உருவாக்கும் வேலை, அமைப்பு தன் சொந்தக் காலில் ஒருமுறை எழுந்து நின்ற பிறகு நடக்க வேண்டியது. இதில் எனக்குப் பிடித்த முன்னுதாரணம் மேக்தான். 2009இல் வந்த ஸ்னோ லெபர்டின் இன்ஸ்டாலரில் பிரிண்டர் டிரைவர்களுக்கு மூன்று தேர்வுகள் இருந்தன: இந்த மேக் ஏற்கெனவே பயன்படுத்திய பிரிண்டர்கள், அருகில் இருப்பவையும் பரவலாகப் புழங்குபவையும், கிடைக்கும் எல்லாமும். அதற்கு முன்பு ஜிபி கணக்கில் டிரைவர்களைக் கொட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்படிச் சுருக்கினார்கள். விட்டுப்போன டிரைவரை, பிரிண்டரைச் செருகும்போது இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். உங்கள் பென்டிரைவுக்கும் இதே அணுகுமுறை சரிவரும்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்போம். யூஎஸ்பியில் இது சுலபம். ஒவ்வொரு யூஎஸ்பி சாதனமும் தான் என்ன வகை என்று எண்களில் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வரும், பிரிண்டருக்கான வகை எண் 07, உட்பிரிவு 01. லினக்ஸின் அச்சிடும் மென்பொருளான கப்ஸ் வேண்டாம், டிரைவர் வேண்டாம், இன்ஸ்டாலரில் இருக்கும் பிஸிபாக்ஸ் என்ற குட்டிக் கட்டளை ஷெல்லே போதும். /சிஸ்/பஸ்/யூஎஸ்பி/டிவைசஸ் என்ற அடைவுக்குள் போனால் 1-2:1.0 மாதிரி பெயர்களில் துணை அடைவுகள் வரிசையாக இருக்கும். முதல் பஸ், இரண்டாவது போர்ட், முதல் கான்ஃபிகரேஷன், பூஜ்யமாவது இன்டர்ஃபேஸ் என்று அதைப் படிக்க வேண்டும். அதற்குள் பிஇன்டர்ஃபேஸ்கிளாஸ் என்று ஒரு குட்டிக் கோப்பு, அதைத் திறந்தால் 07 என்று இரண்டே இலக்கங்கள். கிரெப் கட்டளையால் எல்லா இன்டர்ஃபேஸ்களிலும் இந்தக் கோப்பைத் தேடி ஒரு 07 கிடைத்தாலே பிரிண்டர் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒரு படி மேலே, சாதனத்தின் அடைவிலேயே பிடிவைஸ்கிளாஸ் என்று இன்னொரு கோப்பு இருக்கும், அதைப் பார்த்தால் 00 என்றுதான் வரும், உடனே பிரிண்டர் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த 00க்குப் பொருள் "உள்ளே இன்டர்ஃபேஸ் வாரியாகப் பார்த்துக்கொள்" என்பதுதான். ஸ்கேனரும் மெமரி கார்டு துளையும் சேர்ந்த மல்டிஃபங்ஷனில் ஒவ்வொன்றும் தனி இன்டர்ஃபேஸ், பிரிண்டர் அதில் ஒன்று.

07, 01க்குப் பிறகு மூன்றாவதாக ஒரு எண் வரும், அது எந்த நெறிமுறையில் பேசும் என்பது. 01 என்றால் ஒருவழி, கணினி பேசும், பிரிண்டர் கேட்கும். 02 என்றால் இருவழி, உங்கள் 1020 மாதிரி பெரும்பாலானவை இதில் அடங்கும். 04 வந்தால் கொண்டாடலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

பிரிண்டர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, எந்த பிரிண்டர் என்று எப்படித் தெரிவது? யூஎஸ்பி நிறுவன எண்ணும் மாடல் எண்ணும் கிடைக்கும்தான், ஆனால் அச்சு உலகம் அதைவிட நல்ல ஒன்றைப் பேரலல் போர்ட் காலத்திலிருந்தே வைத்திருக்கிறது. ஐஇஇஇ 1284 என்று 1994இல் வந்த தரநிலையில் 'டிவைஸ் ஐடி' என்று ஒரு சரம் வரையறுக்கப்பட்டது. பிரிண்டரிடம் கேட்டால் அதுவே தன் ஜாதகத்தைச் சொல்லும்: தயாரித்தவர், மாடல், புரிந்துகொள்ளும் கட்டளை மொழிகள், வகை என்று அரைப்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஒரு வரி. யூஎஸ்பி வந்தபோதும் இதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கர்னலின் யூஎஸ்பி பிரிண்டர் மாட்யூலான யூஎஸ்பிஎல்பி ஏற்றப்பட்டிருந்தால் சிஸ் அடைவுக்குள் ஐஇஇஇ1284 ஐடி என்ற பெயரிலேயே அந்த வரி கிடைக்கும். கப்ஸ் நிறுவியிருந்தால் எல்பிஇன்ஃபோ கட்டளையை மைனஸ் எல், மைனஸ் வி கொடுத்து ஓட்டினால் போதும்.

உங்கள் 1020இடம் கேட்டால் வரும் பதில் இந்த மாதிரி இருக்கும்: எம்எஃப்ஜி: ஹியூலெட்-பேக்கார்ட், எம்டிஎல்: ஹெச்பி லேசர்ஜெட் 1020, சிஎம்டி: ஏசிஎல், சிஎல்எஸ்: பிரிண்டர். சிஎம்டி என்ற இடத்தைக் கவனியுங்கள். நல்ல அலுவலக லேசர் என்றால் அங்கே போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் என்று ஏதாவது இருக்கும். அது இருந்தால் மாடல் பெயரே தெரியாவிட்டாலும் பொதுவான டிரைவரைப் போட்டு அச்சிட்டுவிடலாம். இங்கே அப்படி எதுவும் இல்லை. காரணம், 1020க்குச் சொந்தமாக மூளை என்று ஒன்று கிடையாது. அதை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேர் அதற்குள் நிரந்தரமாக இல்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் போட்டதும் கணினிதான் யூஎஸ்பி வழியாக அதை ஏற்ற வேண்டும், ஏற்றிய பிறகுதான் அச்சிடும். லேசர்ஜெட் 1000, 1005, 1018 எல்லாம் இதே சாதி. ஃபர்ம்வேர் ஏறியதா என்பதையும் அதே டிவைஸ் ஐடியில் பார்க்கலாம், ஏறியிருந்தால் கடைசியில் எஃப்டபிள்யூவெர் என்று ஒரு பதிப்புத் தேதி ஒட்டிக்கொண்டிருக்கும், ஏறவில்லை என்றால் இருக்காது. இந்த வகைப் பிரிண்டர்களுக்கான ஃபூ2இசட்ஜேஎஸ் டிரைவரோடு வரும் ஸ்கிரிப்டும் இதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது.

இதனால் இன்ஸ்டாலருக்கு என்ன? கண்டுபிடித்தல் வேறு, வேலை செய்ய வைத்தல் வேறு என்பதற்கு 1020ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. பெயரைத் துல்லியமாகச் சொல்லும், டிரைவரும் டெபியனில் இருக்கிறது, கியூவும் உருவாகும், சோதனைப் பக்கம் கொடுத்தால் "முடிந்தது" என்றும் கப்ஸ் சொல்லும், காகிதம் மட்டும் வராது. ஃபர்ம்வேர் கோப்பு ஹெச்பிக்குச் சொந்தமானது, உரிமம் காரணமாக டிரைவர் பேக்கேஜோடு வராது. ஹெச்பியே தரும் லினக்ஸ் டிரைவர் தொகுப்பான ஹெச்பிஎல்ஐபியை எடுத்துக்கொண்டாலும் இதே கதை, அங்கே 'பிளக்இன்' என்ற பெயரில் தனியாக இறக்க வேண்டும். அந்த மையத்தில் நிறுவும் நேரத்தில் இணையம் இருக்காது என்றால் இதை நீங்கள் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும், இன்ஸ்டாலர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தேடினாலும் இல்லாத கோப்பை அதனால் வரவழைக்க முடியாது.

கேனன் எல்பிபி 2900 இன்னும் ஒரு படி மேல். அதன் டிவைஸ் ஐடியில் கட்டளை மொழி என்ற இடத்தில் கேப்ட் என்றிருக்கும். அது கேனனின் சொந்த நெறிமுறை, வெளியில் ஆவணம் கிடையாது. கேனன் தந்த லினக்ஸ் டிரைவரில் சிசிபிடி என்று ஒரு டீமன் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கப்ஸ் அதனிடம் கொடுக்கும், அது பிரிண்டரிடம் கொடுக்கும். அதோடு அது 32 பிட் நூலகங்களையும் கேட்கும். பிரிண்டர் பேசுவதைக் கவனித்துப் புரிந்துகொண்டு சிலர் எழுதிய திறமூல கேப்ட் டிரைவரும் இருக்கிறது, எல்பிபி 2900 அதில் முதன்மையாகக் கவனிக்கப்பட்ட மாடல்களில் ஒன்று. இந்த இரண்டில் ஒன்றை நீங்களே ஒரு கணினியில் பொறுமையாகச் சோதித்துத் தேர்ந்தெடுத்து, பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் திறமூல டிரைவரை முதலில் முயல்வேன், சிசிபிடி ஒருநாள் எழுந்திருக்கவில்லை என்றால் மையத்தில் இருப்பவர்களுக்கு அதைச் சரிசெய்யத் தெரியாது.

இடையில் ஒன்று. யாராவது ஹெச்பி பி1102 அல்லது எம்1132 கொண்டுவந்து வைத்தால் மேலே சொன்ன 07 தேடலே ஏமாற்றிவிடலாம். 'ஸ்மார்ட் இன்ஸ்டால்' என்ற பெயரில் இவை முதலில் தங்களை சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும், விண்டோஸ் டிரைவர் அந்த சிடிக்குள் இருக்கும், நிறுவி முடித்த பிறகுதான் பிரிண்டராக வேஷம் மாறும். லினக்ஸில் சேமிப்பகச் சாதனம் என்று 08 மட்டுமே தெரியும். பென்டிரைவிலிருந்து நிறுவும்போது வட்டுப் பட்டியலில் புரியாத ஒரு சிடி தெரிந்தால் பிரிண்டரையும் சந்தேகப்படுங்கள். ஒருமுறை அந்த ஸ்மார்ட் இன்ஸ்டாலை நிரந்தரமாக அணைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது, யூஎஸ்பி மோட்சுவிட்ச் என்ற கருவி மூலமும் மாற்றலாம்.

இனி அந்த 04. பிரிண்டர் இன்டர்ஃபேஸின் மூன்றாவது எண் 04 என்றால் ஐபிபி (நெட்வொர்க் அச்சு நெறிமுறை) ஓவர் யூஎஸ்பி, அதாவது கேபிளில் இணைத்திருந்தாலும் நெட்வொர்க் பிரிண்டர் மாதிரி ஹெச்டிடிபியில் பேசும். இந்த மாதிரி இன்டர்ஃபேஸ் ஒரே பிரிண்டரில் இரண்டு மூன்று இருக்கும், பார்த்துவிட்டு மூன்று பிரிண்டர் என்று எண்ணிவிடாதீர்கள், ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடிய ஒரு தனி இணைப்பு, அவ்வளவுதான். டெபியன் 11 முதல் ஐபிபி-யூஎஸ்பி என்ற சிறிய டீமன் கப்ஸோடு சேர்ந்தே வருகிறது, அது இந்தப் பிரிண்டரை உள்ளூர் முகவரியில் 60000ஆவது போர்ட்டிலிருந்து தொடங்கி ஒரு வலைச் சேவையாக மாற்றித் தரும். ஆப்பிளின் ஏர்பிரிண்ட் வந்தது 2010இல், ஐபிபி எவ்ரிவேர் தரநிலை 2013இல்; இந்த இரண்டின் புண்ணியத்தில் புதுப் பிரிண்டர்களுக்கு டிரைவரே வேண்டாம் என்ற நிலைக்கு வந்திருக்கிறோம். உனக்கு என்ன அளவுக் காகிதம் தெரியும், வண்ணமா கறுப்பா, இருபக்கம் அச்சிடுவாயா, எந்த வடிவத்தில் கோப்பு அனுப்பலாம் என்று பிரிண்டரிடமே கேட்டு, அது சொல்வதை வைத்தே கியூ அமைந்துவிடும். ஸ்கேனரும் இதே வழியில் கிடைத்துவிடும். ஒரு எச்சரிக்கை: ஐபிபி-யூஎஸ்பி பிடித்து வைத்திருக்கும் பிரிண்டரைப் பழைய யூஎஸ்பி வழிக் கியூவால் தொட முடியாது. நேற்றுவரை வேலை செய்த கியூ, டெபியனை மேம்படுத்திய பிறகு பேசாமல் இருந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் அலுவலக அறை மல்டிஃபங்ஷனில் ஏர்பிரிண்ட் என்று அட்டைப்பெட்டியிலோ மெனுவிலோ எழுதியிருந்தால் அதற்காக நீங்கள் இன்ஸ்டாலரில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். அது தன்னை நெட்வொர்க்கில் தானே அறிவித்துக்கொண்டிருக்கும். மல்டிகாஸ்ட் டிஎன்எஸ் என்று பெயர், யூடிபி 5353 போர்ட், 224.0.0.251 முகவரி. ஆப்பிளில் இருந்த ஸ்டூவர்ட் செஷயர் முன்னின்று உருவாக்கியது, 2002இல் மேக்கில் வந்தது, 2013இல் ஆர்எஃப்சி 6762, 6763 என்று முறைப்படி தரநிலையானது. லினக்ஸில் அவாஹி என்ற சேவை அந்த அறிவிப்பைக் கேட்கும். அறிவிப்போடு வரும் குறிப்பில் மாடல் பெயர், எந்தக் கோப்பு வடிவங்களை ஏற்கும், எந்தப் பாதையில் அனுப்ப வேண்டும் எல்லாம் இருக்கும். அவாஹியும் கப்ஸும் நிறுவியிருந்தால் அச்சிடும் சாளரத்தில் அதன் பெயர் தானாக வந்து நிற்கும், அச்சிடும்போது மட்டும் தற்காலிகமாக ஒரு கியூ உருவாகி மறையும்.

இதை ஏன் இன்ஸ்டாலருக்குள் செய்யக் கூடாது என்றால், முதலில் இன்ஸ்டாலர் சூழலில் அவாஹி இல்லை. இருந்தாலும் வேண்டாம் என்பேன். நெட்வொர்க்கில் கிடைத்ததையெல்லாம் நிரந்தரக் கியூவாக எழுதி வைத்தால், பக்கத்து அலுவலகத்தின் பிரிண்டர் உங்கள் மாணவனின் இயல்புநிலைப் பிரிண்டராக உட்கார்ந்திருக்கும். அதைவிடப் பெரிய காரணம் 2024 செப்டம்பரில் கண்ணெதிரே நடந்தது. கப்ஸ்-பிரவுஸ்டு என்ற சேவை யூடிபி 631இல் யார் எதை அனுப்பினாலும் வாங்கிக்கொண்டிருந்தது. "இதோ ஒரு பிரிண்டர்" என்று ஒரு பொட்டலம் அனுப்பினால் போதும், அது அந்த முகவரிக்குத் தானே போய் விவரம் கேட்கும், எதிராளி தரும் விவரத்தை நம்பிப் பிபிடி என்ற பிரிண்டர் விவரக் கோப்பு எழுதும், அதில் புகுத்தி வைத்த கட்டளை அடுத்த முறை யாராவது அந்தப் பிரிண்டருக்கு அச்சிடும்போது ஓடிவிடும். சிமோனே மார்கரிடெல்லி கண்டுபிடித்து வெளியிட்டார், பாதுகாப்பு ஓட்டைகளை அடையாளப்படுத்தும் சிவிஇ எண்கள் நான்கு கொடுக்கப்பட்டன, முக்கிய லினக்ஸ் வழங்கல்கள் அவசரமாகத் திருத்தம் விட்டன. கண்டுபிடித்தலையும் சேர்த்தலையும் ஒட்டி வைத்தால் என்ன ஆகும் என்பது அது. கண்ணில் படும் பிரிண்டரைப் பட்டியலில் காட்டுவது ஒன்று, கேட்காமலே அமைப்புக்குள் எழுதிக்கொள்வது வேறொன்று. உங்கள் பென்டிரைவில் கப்ஸ்-பிரவுஸ்டு இருந்தே ஆக வேண்டும் என்ற தேவை இல்லை, நான் போட மாட்டேன்.

யூஎஸ்பிக்கும் கியூவை இன்ஸ்டாலரில் உருவாக்க வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்? டெபியன் இன்ஸ்டாலர் பேக்கேஜ்களை /டார்கெட் என்ற இடத்துக்குள் குரூட் செய்து (அந்த அடைவையே முழு அமைப்பாகப் பாவித்து) நிறுவுகிறது, அந்த நேரத்தில் சேவைகள் எதுவும் தொடங்கக் கூடாது என்று தடை போட்டிருக்கும். கப்ஸ் டீமன் ஓடாமல் கியூ போடும் எல்பிஅட்மின் கட்டளை வேலை செய்யாது, அது டீமனிடம் சொல்லித்தான் கியூ உருவாக்கும். தடையை மீறி டீமனைத் தொடங்கலாம். பிறகு அதை ஒழுங்காக நிறுத்தவில்லை என்றால் டார்கெட்டை விடுவிக்க முடியாமல் நிறுவல் கடைசிப் படியில் தொங்கும். அதையும் சமாளித்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், அப்போது பிரிண்டர் ஆன் செய்யப்பட்டிருக்க வேண்டும். டிரைவர் இல்லா முறையில் எல்பிஅட்மினுக்கு 'எவ்ரிவேர்' என்று கொடுத்தால் அந்த நொடியிலேயே பிரிண்டரிடம் விவரம் கேட்கும், பதில் வரவில்லை என்றால் பிழைதான். புதுக் கணினியில் ஓஎஸ் போடுகிறவர் யாரும் பிரிண்டரை ஆன் செய்து வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. பாதி நேரம் பிரிண்டர் வேறு அறையில் இருக்கும்.

அப்புறம், உங்களுக்கே உரிய ஒரு சிக்கல். ஒரு கணினியில் எல்லாம் அமைத்துவிட்டு அதையே படியெடுத்து மற்றவற்றில் போடும் எண்ணம் இருந்தால், யூஎஸ்பிக் கியூவின் முகவரியைப் பாருங்கள். நிறுவனப் பெயர், மாடல் பெயர், அதன் பின்னால் கேள்விக்குறி போட்டு அந்தக் குறிப்பிட்ட பிரிண்டரின் வரிசை எண்ணும் ஒட்டியிருக்கும். அடுத்த கணினியில் அதே 1020தான் இருக்கிறது, ஆனால் வரிசை எண் வேறு, அதனால் கியூ "பிரிண்டர் இணைக்கப்படவில்லை" என்று காத்துக்கொண்டே இருக்கும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். இதைத் தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் போய்விடும்.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். டெபியன் இன்ஸ்டாலருக்கு முன்கூட்டியே பதில்களைக் கொடுக்கும் பிரிசீடு கோப்பில் 'லேட் கமாண்ட்' என்று ஒரு இடம் உண்டு, நிறுவல் முடிந்து மறுதொடக்கம் ஆகும் முன் ஓடும். அதில் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டை அழையுங்கள். ஸ்கிரிப்ட் இன்ஸ்டாலரின் சொந்த சிஸ் அடைவில் 07ஐத் தேடட்டும். கிடைத்தால் அதே சாதனத்தின் நிறுவன எண், மாடல் எண் கோப்புகளைப் படிக்கட்டும். ஹெச்பி 1020 என்றால் ஃபூ2இசட்ஜேஎஸ் பேக்கேஜும் நீங்கள் எடுத்து வைத்த ஃபர்ம்வேர் கோப்பும், கேனன் என்றால் நீங்கள் தேர்ந்தெடுத்த கேப்ட் டிரைவர், மூன்றாவது எண் 04 என்றால் ஐபிபி-யூஎஸ்பி மட்டும், எதுவும் பொருந்தவில்லை என்றால் டெபியனின் பொதுவான பிரிண்டர் டிரைவர் தொகுப்பு. எல்லாவற்றையும் 'இன்-டார்கெட்' வழியாக நிறுவச் சொல்லுங்கள். கப்ஸையும், செருகிய பிரிண்டருக்குத் தானாகக் கியூ போடும் சிஸ்டம்-கான்ஃபிக்-பிரிண்டரின் யூடெவ் பேக்கேஜையும் பிரிண்டர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எல்லாக் கணினியிலும் போட்டுவிடுங்கள், பெரிய இடம் பிடிக்காது, நாளை யாராவது பிரிண்டரை இடம் மாற்றினால் கைகொடுக்கும். அதே காரணத்துக்காக 1020, 2900 இரண்டின் டிரைவர்களையும் கண்டுபிடிப்பே இல்லாமல் எல்லாவற்றிலும் நிறுவினாலும் நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டே மாடல் இருக்கும் இடத்தில் அது இன்னும் எளிது. தேடல் தேவைப்படுவது என்னென்ன பிரிண்டர் வரும் என்று தெரியாத இடங்களுக்குத்தான்.

அப்படித் தெரியாத இடத்துக்கு என்றால் ஐசன்கிராம் என்ற கருவியையும் பாருங்கள். நார்வேக்காரர் பெட்டர் ரெய்ன்ஹோல்ட்சென் டெபியனுக்காக எழுதியது. இணைந்திருக்கும் வன்பொருளின் அடையாளங்களைப் பேக்கேஜ்கள் அறிவித்திருக்கும் அடையாளங்களோடு ஒப்பிட்டு, இதற்கு இது தேவைப்படலாம் என்று பட்டியல் தரும். பிரிண்டருக்கு மட்டுமல்ல, எல்லாச் சாதனத்துக்கும். மேலே நான் சொன்ன ஸ்கிரிப்டில் மாடல் பட்டியலை நீங்களே எழுதுவதற்குப் பதில் அதைக் கேட்கலாம்.

கியூ யார் உருவாக்குவார்கள்? முதல் முறை கணினி எழும்போது, சாதனங்கள் வருவதைக் கவனிக்கும் யூடெவ் ஒரு வேலை செய்யும்: ஏற்கெனவே செருகியிருக்கும் சாதனங்களுக்கும் "இப்போதுதான் வந்தது" என்று நிகழ்வுகளைத் திரும்ப அனுப்பும். பிரிண்டர் இன்டர்ஃபேஸ் என்ற விதி அதில் பொருந்தியதும், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஒரு சேவையைக் கிளப்பும், அது டிவைஸ் ஐடியைக் கேட்டு, கப்ஸிடம் இதற்கு எந்த டிரைவர் பொருத்தம் என்று விசாரித்து, கியூ போட்டுவிடும். அப்போது கப்ஸ் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும், வரிசை எண்ணும் அந்தக் கணினியில் இருக்கும் பிரிண்டருடையதாகவே இருக்கும். மேலே சொன்ன மூன்று தலைவலிகளும் இதனால் இல்லாமல் போகின்றன. பிரிண்டர் அன்று அணைந்திருந்தாலும் பரவாயில்லை, என்றைக்கு ஆன் செய்கிறார்களோ அன்றைக்கு அதே சங்கிலி ஓடும். மான்ட்ரேக் இன்ஸ்டாலர் செய்த வேலையின் பெரும்பகுதி இன்று இங்கேதான் நடக்கிறது, டெபியன் இன்ஸ்டாலர் அதைச் செய்யாமல் இருப்பதை ஒரு குறையாக நான் பார்ப்பதும் இல்லை.

மிச்சம் இருப்பது டாட் மேட்ரிக்ஸ். பேரலல் போர்ட்டில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். 1284 தரநிலையை மதிக்கும் பிரிண்டர் என்றால் /பிராக்/சிஸ்/டெவ்/பார்போர்ட்/பார்போர்ட்0 அடைவில் ஆட்டோபுரோப் என்ற கோப்பில் அதன் பெயர் வந்திருக்கும், ஒரு கேட் கட்டளை போட்டுப் பாருங்கள். காலியாக இருந்தால் அந்தப் பிரிண்டருக்கு டிவைஸ் ஐடி என்ற பழக்கமே இல்லை அல்லது கேபிளில் திரும்பி வரும் கம்பிகள் சரியாக இல்லை. எல்பிஇன்ஃபோவில் பேரலல் என்று ஒரு வரி தெரிவதை வைத்து ஏமாற வேண்டாம், போர்ட் இருந்தாலே கப்ஸ் அதைக் காட்டும், மறுமுனையில் பிரிண்டர் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் வழியாக இணைத்திருந்தால் கேபிளே தன்னைப் பிரிண்டர் என்று 07 காட்டும், பின்னால் பிரிண்டர் இல்லாவிட்டாலும். மேலே சொன்ன ஸ்கிரிப்டில் இதற்கு ஒரு விலக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குத் தானியங்கி வேண்டாம், கையால் ஒரே ஒரு முறை கியூ போடுங்கள். கப்ஸோடு வரும் மாதிரி டிரைவர்களிலேயே எப்சன் 9 பின், 24 பின் இரண்டும் இருக்கின்றன. நம் ஊர்க் கடைகளில் இருக்கும் டாட் மேட்ரிக்ஸ்கள் பெரும்பாலும் எப்சன் கட்டளை மொழியைப் புரிந்துகொள்ளும். ஆனால் இந்த டிரைவர் எல்லாவற்றையும் படமாக மாற்றி அனுப்பும், ஒரு ரசீதுக்கு ஊசித் தலை இருபுறமும் ஓடிக்கொண்டே இருக்கும். ரசீது வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும் என்றால் டிரைவரே இல்லாத ரா கியூ போட்டு எழுத்தாகவே அனுப்புங்கள், பிரிண்டர் தன் சொந்த எழுத்துருவில் சடசடவென்று அடித்துத் தள்ளிவிடும். ரசீதில் மாணவர் பெயர் தமிழில் வர வேண்டும் என்றால் அது நடக்காது, அதன் ரோமில் தமிழ் எழுத்துரு இருக்காது, படமாக அனுப்புவதுதான் வழி. இரண்டும் தேவைப்பட்டால் ஒரே போர்ட்டுக்கு இரண்டு கியூ வைத்துக்கொள்ளலாம், கப்ஸ் ஆட்சேபிக்காது, எதில் எது என்று பெயரை மட்டும் புரியும்படி வையுங்கள்.